ஒரு சுற்று பாக்கி

ஆண்டெனெஸ் துறைமுகத்தில்
வலைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் அமைப்பு.
மூன்று பேர். ஒரு ரப்பர் படகு.
இரண்டு மாத வாடகை பாக்கி.
நான் கணக்கு எழுதுகிறவள்,
படகில் ஏறினாலே குமட்டும் எனக்கு.

கடலுக்குப் போகிறவள் ராக்ன்ஃப்ரிட்.
நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதியில்தான் திரும்பும் ஊர் இது.
நடுவில் நண்பகல் என்று ஒன்று
நீலமாய் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும்.
அந்த இரண்டு மணி நேரத்துக்குள்
ஹெர்ரிங் மீன்களைத் துரத்தி வந்த திமிங்கலங்களை
வாலடி தெரியப் படமெடுத்து வருவாள்.

வால்தானே என்று நினைத்திருந்தேன்.
கருப்பின்மேல் சிந்திய வெள்ளை,
பல் பட்ட தழும்பு, ஓரத்துக் கிழிசல்;
ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.
எண்ணூற்றுப் பதினான்கு வால்கள் எங்களிடம்.
மின்கட்டண ரசீதுகளும் அதே அலமாரியில்.

முந்நூற்று ஆறு
சென்ற குளிர்காலத்தில் கயிறோடு வந்தது.
வால் தொடங்கும் இடத்தில் இரண்டு சுற்று,
சதைக்குள் இறங்கியிருந்தது.
நீளக் கழியில் கொக்கிக் கத்தியைக் கட்டிக்கொண்டு
ராக்ன்ஃப்ரிட்டும் ஐவிண்டும் பின்னாலேயே போனார்கள்.
ஒரு சுற்று அறுந்தது.
அதோடு வெளிச்சமும் அறுந்தது.
அது மூழ்கிய பிறகு
தண்ணீரில் வழவழப்பாய் ஒரு வட்டம் மட்டும்
கொஞ்ச நேரம் இருந்ததாம்.

செலவு: பெட்ரோல்.
கத்தி ஒன்று, கடலோடு போனது.
ஐவிண்டின் முன்பல் ஒன்று, கழி திரும்பி அடித்ததில்.
பல் வைத்தியர் ரசீதைக்
கருவிப் பராமரிப்பில் சேர்த்தேன்.

மே மாதம் ஒரு கடிதம்,
போவா விஸ்டா என்ற தீவிலிருந்து.
வரைபடத்தில் தேடினேன்:
ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கேப் வெர்டேயில்,
தட்டினால் உதிர்ந்துவிடும் ஒரு பருக்கை.
அங்கேயும் ஓர் அமைப்பு. நான்கு பேர்.
படகு மீனவர் ஒருவருடையது,
ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைக்கும்.
எழுதியவர் செஃபெரினோ.
அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
ஊன்றுகோலோடு நடப்பவை,
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தன.

உங்களுடையதா இது, என்று கேட்டிருந்தார்.
முந்நூற்று ஆறேதான்.
மிச்சச் சுற்றின்மேல் கொட்டலசு முளைத்திருந்தது.
பக்கத்தில் சாம்பல் நிறத்தில் குட்டி.
ஆறாயிரம் கிலோமீட்டர்
அந்தக் கயிற்றையும் வயிற்றையும் சுமந்தா போனாய்!

மூன்று மணி நேரம் அருகிலேயே நின்றாள், என்று எழுதியிருந்தார்.
வெயில் கண்ணைப் பறித்தது.
எங்களிடம் கத்தி இல்லை.

இங்கே கத்தி இருந்தது.

ராக்ன்ஃப்ரிட் படத்தைப் பெரிதாக்கினாள்.
பச்சைக் கயிறு, நடுவே ஆரஞ்சு இழை.
கீழே போய்க் கேட்டேன்.
தூர்லைவ் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து
காபி குடித்துக்கொண்டிருந்தார்,
அதே பச்சை, அதே ஆரஞ்சு.
பாதித் துறைமுகம் இதைத்தான் வாங்குகிறது, என்றார்.
பிறகு, என்னைப் பார்க்காமல்,
நீங்களும் வாங்கினீர்களே, படகு கட்ட.

மேலே வந்து பேரேட்டைத் திறந்தேன்.
அக்டோபர் ஒன்பது, நாற்பது மீட்டர்.
என் கையெழுத்து.

எங்கள் நாற்பது மீட்டரும்
படகுத்துறையில் பத்திரமாய்த்தான் இருக்கிறது;
இரண்டு முறை அளந்தேன்.
ஏன் இரண்டு முறை என்று
யாரும் கேட்கவில்லை.

மறுநாள் தூர்லைவ் படியேறி வந்தார், முதல் தடவையாக.
மேசைமேல் புதிய கொக்கிக் கத்தி ஒன்றை வைத்தார்.
வாடகையைப் பற்றி வாய் திறக்கவில்லை.
குட்டி எவ்வளவு நீளம் என்று மட்டும் கேட்டுவிட்டு
இறங்கிப்போனார்.

தபால் நிலையத்தில் சுங்கப் படிவம்.
பொருள்: கத்தி.
எண்ணிக்கை: ஒன்று.
அனுப்பும் காரணத்துக்கு
விரற்கடை அகலத்தில் ஒரு கட்டம்.
எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.
கணக்கெழுதுகிறவளுக்குத் தெரிந்த மொழியில்
எழுதினேன்:
ஒரு சுற்று பாக்கி.